கிணற்றடியில் சாந்தம்மா கண்டது

சாந்தம்மாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவளுடைய அண்ணன் திம்மப்பன் கிணற்றில் செத்துப்போனான். 1976ஆம் வருசம், சித்திரை மாசத்துப் பகல். ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளிக்கு மேற்கே இருந்த அவர்கள் நிலத்துக் கிணறுதான். திம்மப்பனுக்குப் பதினேழு வயது. நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவன் என்று ஊரில் சொல்வார்கள். கடப்பாரையைத் தூக்கிப் போட்டாலும் அடிவரை போய் எடுத்துக்கொண்டு வருவான். அப்படிப்பட்டவன் மேட்டிலிருந்து குதித்தான், உள்ளே போனான், வரவில்லை.

அப்போது கிணற்றில் இருந்தது அவனுடைய சிநேகிதன் கரியப்பன் ஒருவன்தான். சாந்தம்மா அண்ணனுக்குக் களியும் கீரையும் கொண்டுவந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்தான். கரியப்பன் கீழே தண்ணீரில் நின்றுகொண்டு, "குதிடா பாக்கலாம்" என்று கூப்பிட்டான். திம்மப்பன் இவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானாகவே குதித்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கரியப்பன் முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். மூன்றாவது தடவை திம்மப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தான். அண்ணனைக் கல்லின்மேல் கிடத்தியதைப் பார்த்ததும் சாந்தம்மா "அண்ணா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள். நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது, கண் இருட்டியது, அப்படியே விழுந்துவிட்டாள்.

அவள் பேசும்படி ஆனபோது வீட்டில் கிடந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் ஊரார் கரியப்பனை அடித்து முடித்திருந்தார்கள். முந்தின நாள் ஒரு சைக்கிள் விசயமாக இரண்டு பேருக்கும் சண்டை வந்திருந்தது, அது போதுமாக இருந்தது. நீச்சல் தெரிந்தவன் எப்படி முழுகுவான், யாரோ பிடித்து அழுத்தினால்தானே என்றது ஊர்.

"கரியப்பண்ணன் ஒண்ணும் பண்ணல. அவுரு தூரமா தண்ணியில நின்னாரு. எங்கண்ணன் தானா குதிச்சான்" என்று சாந்தம்மா சொன்னாள்.

"நீ மயங்கிக் கெடந்தவ. உனக்கு என்னாடி தெரியும்?" என்றாள் அம்மா வெங்கடம்மா.

மறுநாளும் சொன்னாள், அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். எல்லோரும் அதையேதான் திருப்பிச் சொன்னார்கள். மயங்கிக் கிடந்தவளுக்கு என்ன தெரியும். கேஸ் என்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரியப்பன் குடும்பத்துக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவனைச் சிங்காரப்பேட்டையில் இருந்த மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவன் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. போகப்போக சாந்தம்மாவுக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. தான் பார்த்தது மயக்கத்துக்கு முன்னாலா, மயக்கத்தில் வந்த கனவா என்று.

மயக்கம் அத்தோடு விடவில்லை. மாடு முட்ட வந்தபோது விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் பந்தயம் ஓடும்போது விழுந்தாள். லாரி ஒன்று பக்கத்தில் வந்து பாம் என்று ஹாரன் அடித்தபோது ரோட்டிலேயே விழுந்தாள். வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்றால் நாள் முழுக்கத் தூக்கம் வந்தது, மயக்கமும் வந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் விசயம் தெரிந்ததும் திரும்பிப் போனது.

இருபது வயதில் அவள் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். மின்சார மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற சின்னக் கம்பெனி. வரிசையாகப் பதினெட்டுப் பெண்கள் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, ஓட வேண்டியதில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. விரல் வேகம் அவளுக்கு இயற்கையாக வந்தது. ஆறு மாசத்தில் சூப்பர்வைசர் புதுப் பெண்களை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்.

ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றுக் குழாய் ஒன்று வெடித்தது. எழுந்து இரண்டடி போனவள் சரிந்தாள். முதலில் ஓடிவந்தவன் மெயின்டனன்ஸ் பிரிவு எலக்ட்ரீசியன் அழகர்சாமி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். யாரோ சாவிக் கொத்தை எடுத்து அவள் கையில் திணிக்கப் போனார்கள். அவன் அதைத் தடுத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். விரலுக்கடியில் நாடி என்று ஒன்று இல்லை, புழு நெளிகிற மாதிரி ஏதோ ஓடியது. பிறகு ஒரு துடிப்பு, இடைவெளி, இன்னொரு துடிப்பு. அப்புறம் ஒழுங்காக வந்துவிட்டது. அவள் கண் திறந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒங்களுக்கு வலிப்புன்னு யார் சொன்னாக?"

"ஏன்?"

"எங்க சித்தப்பா ஒருத்தருக்கு வலிப்பு. கை காலெல்லாம் வெட்டி இழுக்கும், நாக்கைக் கடிச்சுக்கிருவாரு. ஒங்களுக்கு அப்படி இல்லையே. மொதல்ல நாடி கெட்டுச்சு, அப்புறம்தான் நினைவு போச்சு."

இத்தனை வருசத்தில் அவள் விழும்போது என்ன ஆகிறது என்று யாரும் இப்படிப் பார்த்ததில்லை. விழுந்ததும் பயந்து ஒதுங்குவார்கள், அல்லது இரும்பைத் தேடுவார்கள். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதிலிருந்துதான் அவர்கள் பேச ஆரம்பித்தது.

ஒன்றரை வருசம் கழித்து அவன் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது அவள் கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் என்னிக்கி வேணா விழுவன். எழுந்திரிக்காமயும் போயிடுவன். தெரிஞ்சிதான் கேக்கறீங்களா?"

"தெரியும். அதான் பக்கத்துல இருக்கணும்னு பாக்கேன்."

எண்பத்தாறில் கல்யாணம். அவள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள். மாப்பிள்ளை பேசும் தமிழ் வெங்கடம்மாவுக்குப் பாதி புரியாது. அவர்கள் பேசிக்கொண்டால் நடுவில் சாந்தம்மா இருக்க வேண்டும். ஓசூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரூம் பிடித்தார்கள். அழகர்சாமி வீட்டுக்குள் வரும்போது வாசலுக்குப் பத்தடிக்கு முன்பே இருமுவான், அவள் திடுக்கிடக் கூடாது என்று. தீபாவளிக்கு ஊரெல்லாம் வெடி வெடிக்கும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பான். எண்பத்தெட்டில் பெண் பிறந்தாள். பவளம் என்று தன் அம்மா பெயரை வைத்தான்.

கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் டாக்டர் சௌந்தரராஜன் வருவார். சாந்தம்மா விழுந்த ஒவ்வொரு தரமும் அவளைப் படுக்கவைத்து ஈசிஜி எடுப்பார். ஒவ்வொரு தரமும் நன்றாகத்தான் இருக்கும். "இதயத்துல ஒரு குறையும் இல்ல" என்று வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டுவார். தொண்ணூற்றொன்றில், பவளம் ரோட்டைப் பார்த்து ஓடியதைத் தடுக்கப் போய் சாந்தம்மா மறுபடி விழுந்தாள். அன்றைக்கு அவள் எழ ரொம்ப நேரமானது. அழகர்சாமி அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் மேஜைக்கு முன்னால் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், தப்பா நினைக்காதீக. ஒரு மோட்டார் ஓடயில மக்கர் பண்ணுது. நான் அதை நிறுத்தி வச்சிட்டு டெஸ்ட் பண்ணுனா எல்லாம் சரியாத்தான் காட்டும். லோடு குடுத்துப் பாத்தாத்தான ஃபால்ட்டு தெரியும்? இவ படுத்துக் கெடக்கயில ஒருநாளும் விழுந்ததில்ல சார். ஓடயில விழுறா, பயந்தா விழுறா. நீங்க படுக்கப் போட்டே பாக்கீக."

டாக்டர் பேனாவை மூடினார். அவர் கோபப்படுவார் என்று சாந்தம்மா பயந்தாள். அவர், "இது எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். பெங்களூரில் இதயத்துக்கென்றே இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார், கன்னடத்தில்தான் பேசினார். சாந்தம்மாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், அழகர்சாமிக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஓடுகிற பட்டை ஒன்றின்மேல் அவளை நிற்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நடக்கச் சொன்னார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். பக்கத்தில் இரண்டு நர்சுகள், இதயம் நின்றால் ஷாக் கொடுக்க ஒரு மின்சாரப் பெட்டி. ஏதாவது ஆனால் உடனே பிடித்துவிடுவோம் என்று டாக்டரம்மா சொன்னார். பட்டை மெதுவாக நகர்ந்தது. பிறகு வேகம் கூடியது, ஏற்றமானது. அவள் வாழ்க்கையில் பதினைந்து வருசமாக யாரும் அவளை இவ்வளவு வேகமாக நடக்க விட்டதில்லை.

மூன்றாவது ஏற்றத்தில் அந்தப் படபடப்பு வந்தது. காகிதத்தில் கோடு முதலில் ஒன்றிரண்டு இடத்தில் தவறியது. பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி ஓடியது. "நில்சி, நில்சி" என்று டாக்டரம்மா கத்தினார். பட்டை நின்றது. சாந்தம்மாவைத் தாங்கிப் படுக்கவைத்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் மயங்கவில்லை, மெல்ல வெளுத்தது. டாக்டரம்மா நீளக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "சிக்கிது" என்றார்.

"என்ன சொல்லுதாக?" என்று கதவருகிலிருந்து அழகர்சாமி கேட்டான்.

"கெடச்சிடுச்சாம்" என்றாள் சாந்தம்மா.

அரைமணி நேரம் கழித்து டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினார். அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, சாந்தம்மா அதைப் புருசனுக்குத் தமிழில் சொன்னாள். தன் நெஞ்சுக்குள் நடப்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

"இதயத்துச் சதை சின்னச் சின்னக் கண்ணறையா இருக்குதாம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் சேத்து வச்சிருக்குதாம். துடிக்கறப்ப அதுக்கு ஒரு கதவு தெறக்கும், சத்து வெளிய வரும், சதை சுருங்கும். அப்பறம் கதவு சாத்திக்கும், சத்து உள்ள போயிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் இப்பிடித்தான், எல்லாருக்கும்."

"சரி."

"ஓடினா, பயந்தா, ஒடம்புல ஒண்ணு சுரக்குது. அது போயி கதவத் தட்டும், சீக்கிரம் தெற, சீக்கிரம் தெறன்னு. அது நல்லதுக்குத்தான். எனக்கு மட்டும் அப்ப கதவு சரியா சாத்தறதில்லன்னு நெனைக்கறாங்க. ஒழுவுது. ஒழுவறதால நேரங்கெட்ட நேரத்துல துடிப்பு வருது, ஒண்ணு மேல ஒண்ணு. ரத்தம் மேல ஏறல, நான் விழுந்துடறன்."

"லீக்கேஜ்" என்றான் அழகர்சாமி.

"இது அவங்க யோசன மட்டும்தானாம். எந்தக் கதவுன்னு யாரும் இன்னும் கண்டுபுடிக்கல, வெளிநாட்டுல தேடிக்கிட்டு இருக்காங்களாம். வேற ஒரு இதய மருந்து அளவு மீறினவங்களுக்கும் இதே மாதிரிதான் கோடு மேலயும் கீழயும் ஓடுமாம். அதுலயும் இந்தச் சுண்ணாம்புச் சத்துதான் காரணமாம். அத வச்சி சொல்றாங்க."

"கதவை மாத்த முடியாதான்னு கேளு."

அவள் கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார். கதவை மாற்ற முடியாது, தட்டுகிற கையைத் தடுக்க முடியும் என்றார். தினம் மூன்று வேளை ஒரு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஓடக் கூடாது, நீந்தக் கூடாது. வலிப்பு மாத்திரையை இனி நிறுத்திவிடலாம். இதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று போனார்களா? ஓடும்போது, சண்டையில், தண்ணீரில்?

சாந்தம்மா டாக்டரம்மாவின் பேனாவையே பார்த்தாள். அழகர்சாமிக்கு என்ன கேட்டார் என்று தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கைமேல் தன் கையை வைத்தான்.

"நன் அண்ணா" என்றாள் கடைசியில். என் அண்ணன்.

ஓசூர் பஸ்ஸில் வரும்போது அவள் அழுதாள். சத்தமில்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பி. அத்திப்பள்ளி தாண்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் பாத்தது நெசம். கரியப்பண்ணன் தொடவே இல்ல."

வெங்கடம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்கவே மாட்டேன் என்றாள். ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எவனோ ஒருத்தன் என் புள்ளயக் கொன்னான்னு நெனச்சித்தான் இத்தன நாளு உசுரோட இருந்தன். இப்ப வந்து யாருமில்லன்ற. அப்ப அது எங்கேர்ந்து வந்துது? என் வயித்துலேர்ந்தா?"

"அம்மா, அப்பிடிச் சொல்லல."

"ரத்தத்துல வருதுன்றியே. யாரு ரத்தம்?"

வெங்கடம்மா முறத்து ராகியை விரலால் ஒதுக்கினாள். பிறகு வேறு யாரிடமோ பேசுவதுபோலப் பேசினாள்.

"உங்கப்பன் எருது விடற அன்னிக்கிதான் போனாரு. நீ அப்ப என் இடுப்புல. காளை கிட்டகூட வரல. ஓடிக்கிட்டே இருந்தவரு, நின்னாரு, உழுந்தாரு. ஒரு கீறல் இல்ல ஒடம்புல. சாமி குத்தம்னாங்க." அவள் குரல் இறங்கியது. "அவுருக்கும் கதவு சாத்திக்கல போல."

அன்றைக்கு அம்மா மடியில் மகள் படுத்துக்கொண்டாள். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவள், ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி. வெங்கடம்மா அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடிப்பு ஒழுங்காக வருகிறதா என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தம்மா சிங்காரப்பேட்டைக்குக் கிளம்பினாள். அழகர்சாமி கூட வந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் அங்கே வெங்கடம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

கரியப்பன் ஊருக்கு வெளியே ஒட்டு மாங்கன்று வளர்த்து விற்றுக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயதுதான், நாற்பத்தைந்து போல இருந்தான். வெங்கடம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியையும் குச்சியையும் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். ஓடிவிடுவானோ என்று சாந்தம்மாவுக்குத் தோன்றியது.

"கரியப்பண்ணா, நான் சாந்தி. திம்மண்ணன் தங்கச்சி."

"தெரியுதும்மா."

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, ஓடுகிற பட்டை, கதவு, சுண்ணாம்புச் சத்து, அப்பா. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"அண்ணன் தண்ணியில முழுகிச் சாவல. குதிச்ச வேகத்துலயே நெஞ்சு நின்னுருக்கும். நீ ஒண்ணும் பண்ணல. நான் பாத்தன். அன்னிக்கே சொன்னன், யாரும் நம்பல. அப்பறம் நானே நம்பல. அதுக்குத்தான் வந்தன்."

கரியப்பன் பாலிதீன் பையிலிருந்த ஒரு கன்றின் மண்ணை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"குதிடான்னு கூப்புட்டது நான்தானம்மா" என்றான். "அத யாரும் என்னக் கேக்கல. அடிச்சவங்களும் கேக்கல. எனக்குத் தெரியும் இல்ல."

சாந்தம்மா அதற்குத் தயாராக வரவில்லை. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"கூப்புட்டது நெசம்தான். அவன் அந்தக் கெணத்துல நூறு தடவ குதிச்சவன், நீ கூப்புட்டும் கூப்புடாமயும். அன்னிக்கி இல்லன்னா வேறொரு நாளு. இது அவனுக்குள்ளயே இருந்துது அண்ணா. எனக்குள்ளயும் இருக்குது. மூணு தடவ முங்கி அவன மேல கொண்டாந்தியே, அத நெனச்சிக்க."

அப்போதுதான் அவன் அழுதான். பெரிய ஆள், முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு. அழகர்சாமி வேறு பக்கம் திரும்பி மாங்கன்றுகளைப் பார்த்தான். வெங்கடம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எனக்குப் பசிக்குது கரியா. சோறு இருக்குதா உன் வூட்டுல?"

அவன் பெண்சாதி பதறிக்கொண்டு இலை அறுக்க ஓடினாள். அன்று மதியம் அந்த வீட்டில் நான்கு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும். வெங்கடம்மா இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாத்திரை சாந்தம்மாவுக்குக் கேட்டது. முதல் வருசம் ஒரு தரம் மட்டும், மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் விட்டபோது, தலை சுற்றி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு விழவே இல்லை. கொஞ்சம் சோர்வு வரும், கை கால் சில்லென்று இருக்கும். தூங்கித் தூங்கி விழுந்த நாட்களை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை என்பாள். காயில் செக்சனில் அவள் லீடர் ஆனாள்.

பவளத்துக்கு ஏழு வயதானதும் பெங்களூருக்குக் கூட்டிப்போனார்கள். அதே டாக்டரம்மா, அதே பட்டை. மகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள். கோட்டில் அங்கங்கே தவறல் விழ ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்கள். சாந்தம்மா பட்டையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னதை இந்தத் தடவையும் அவள்தான் புருசனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை.

"இவளுக்கும் இருக்குதாம். விழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சி. இன்னிக்கே மாத்திரை தொடங்கிடலாமாம்."

அழகர்சாமி மகளைத் தூக்கிக்கொண்டான். கனமான பிள்ளை, ஆனாலும் கேட் வரைக்கும் இறக்கிவிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் சாந்தம்மா தானே போய் டிரில் மாஸ்டரிடம் பேசினாள். முதலில் அவர், பிள்ளைக்கு வலிப்பா என்று தயங்கினார். அவள் பொறுமையாக, கண்ணறையில் தொடங்கி, எல்லாவற்றையும் விளக்கினாள். எத்தனை பேருக்கு விளக்கினாலும் அவளுக்கு அலுக்கவில்லை. மாஸ்டர் பவளத்தை ஸ்கோர் எழுதுகிற இடத்தில் உட்காரவைத்தார். அது பவளத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், தான் எழுதியதால்தான் கபடியில் தகராறு வராமல் போனது என்று தானாகவே வந்து சொன்னாள்.

தொண்ணூற்றேழில் ஒரு காலை. அம்மாவும் மகளும் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது டவுன் பஸ் வந்து நின்றுவிட்டது. இன்னும் ஐம்பது அடி இருந்தது. கம்பெனிப் பெண்கள் டிபன் தூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பவளம் அம்மாவைப் பார்த்தாள். சாந்தம்மா அவள் கையைப் பிடித்து, அதே நடையில் நடந்தாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"போச்சி" என்றாள் பவளம்.

"போவட்டும். அடுத்தது இருவது நிமிசத்துல வரும்."

ஸ்டாப்பில் வெயில் இன்னும் ஏறவில்லை. சாந்தம்மா பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து, கையாலேயே இரண்டாகப் பிளந்தாள். பெரிய பாதியை மகள் வாங்கிக்கொண்டாள்.